மலையேறும் மோட்டாரின் வலிமைக் குறைவு

நுவரெலியா கடல் மட்டத்தினின்று ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்களவு குறைவு. ஆகவே, 1934-இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்குக் கொழும்பிலிருந்து செல்லும் பழைய எம்.ஜி. டி.டி. மோட்டார் சற்றே வலிமை குன்றுவது பழுதன்று, இயற்கையே. காற்றுக் குறையப் பெட்ரோலின் விகிதம் மிகுந்து, பிளக்கில் கரி படியும்.

அதனினும் மிகுதியாக வலிமை குன்றினால், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் மிதியை முழுதும் அழுத்த, மற்றொருவர் இரு காபுரேற்றர்களின் காற்றுத் தகடுகளும் முற்றாகத் திறக்கின்றனவா என நோக்கல் வேண்டும். உள்ளிருக்கும் பிஸ்டனை உயர்த்தி விட்டால், அது 'டக்' என்று விழுதல் வேண்டும். தயங்குமாயின் சிக்கல் அங்கேதான்.

ஏற்றத்தில் வலிமை குறைந்தால் தாமதம் மட்டுமே. தேயிலைச் சரிவின் கொண்டை ஊசி வளைவில் தகடு மூட மறுத்தாலோ உயிருக்கே ஆபத்து. எனவே, அதை மூடும் ஸ்பிரிங்கைச் சோதித்த பின்னரே மலையிறங்குதல் நன்று.