சொக்சோ விபத்துக்கு மட்டுமல்ல, நோய்க்கும் உண்டு

தொழிலாளர் நலன் குறித்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நான் பேசியதை நண்பர்கள் பலர் எழுத்தில் கேட்டனர். அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

என் சித்தப்பா கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் 18 ஆண்டுகள் வேலை செய்தவர். 52 வயதில் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. நிறுவனத்துக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று தாமாகவே வேலையை விட்டுவிட்டார். சித்தி பலகாரம் சுட்டு விற்றுக் குடும்பத்தை நடத்தினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, கோயிலில் ஒரு நண்பர் கேட்டார்: "சொக்சோவுக்கு எழுதிப் போட்டீர்களா?"

"அது வேலையிடத்தில் அடிபட்டால்தானே?" என்றார் சித்தப்பா. நம்மில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் உள்ள திட்டங்களில் இரண்டைக் குறிப்பிடுகிறேன். ஒன்று, வேலை தொடர்பான விபத்துக்கும் நோய்க்கும் உரியது. மற்றொன்று இயலாமைத் திட்டம். மலாயில் இதை 'இலாட்' என்பார்கள். பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, இருதய நோய் என எதனால் வந்தாலும், எங்கே வந்தாலும் இது பொருந்தும். இதற்காகத் தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் தலா 0.5 விழுக்காடு சந்தா செலுத்துகிறார்கள். 2,000 ரிங்கிட் சம்பளத்துக்கு உங்கள் பங்கு மாதம் சுமார் 10 ரிங்கிட்தான்.

யாருக்குக் கிடைக்கும்? நோய் இனிக் குணமாகும் வாய்ப்பில்லை, அதனால் உடல்நலமுள்ள ஒருவர் வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட முடியாது என்று மருத்துவ வாரியம் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது சந்தாக் கணக்கு. விண்ணப்பம் சேரும் மாதத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழு ஓய்வூதியம். அது இல்லாவிட்டாலும், முதன்முதலில் சந்தாவுக்கு உட்பட்டது முதல் விண்ணப்பிக்கும் வரையிலான மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருந்தால் போதும். மூன்றில் ஒரு பங்கு இருந்தால் குறைந்த ஓய்வூதியம் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் குறைந்தது 24 மாதச் சந்தா வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? சராசரிச் சம்பளத்தில் 50 விழுக்காட்டில் தொடங்கும். முதல் 24 மாதங்களுக்கு மேல் ஒவ்வொரு 12 மாதச் சந்தாவுக்கும் 1 விழுக்காடு கூடும். உச்சவரம்பு 65 விழுக்காடு. பத்தாண்டுகள் சந்தா செலுத்தியவரின் சராசரிச் சம்பளம் 2,000 ரிங்கிட் என்றால், 58 விழுக்காடாக மாதம் 1,160 ரிங்கிட் வரும். இயலாமை நீடிக்கும் வரை இது தொடரும். அவர் இறந்தால், தகுதியுள்ள வாரிசுகளுக்குப் பிழைத்தோர் ஓய்வூதியம் உண்டு. எப்போதும் ஒருவர் துணையிருந்து கவனிக்க வேண்டிய நிலை என்று வாரியம் உறுதிப்படுத்தினால் மாதம் 500 ரிங்கிட் தனியாகக் கிடைக்கும்.

இனி நான் வலியுறுத்த விரும்புவது: விண்ணப்பம் போய்ச் சேரும் நாள்தான் கணக்கு. வீட்டில் சும்மா இருந்த மாதங்களுக்குப் பின்னோக்கிப் பணம் தரமாட்டார்கள். காலம் கடக்கக் கடக்க அந்த 40 மாதக் கணக்கும் கைநழுவும். 60 வயதைத் தாண்டிவிட்டாலோ, 60க்கு முன்பே இயலாமை வந்தது, அதன்பின் வேலை செய்யவில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

ஆகவே நோய் முற்றியதும் வேலையை விட்டுவிட அவசரப்படாதீர்கள். வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். வேலையை விட்ட பிறகே ஓய்வூதியம் தொடங்கும். சிகிச்சை அளித்த மருத்துவரின் அறிக்கை, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வாரியம் நிராகரித்தால் மனம் தளர வேண்டாம். மேல்முறையீட்டு மருத்துவ வாரியம் இருக்கிறது. நிறுவனம் எடுத்துத் தந்த தனியார் காப்புறுதி இருந்தால், வேலையை விடுவதற்கு முன் அதையும் விசாரியுங்கள். வேலை போனால் பெரும்பாலும் அதுவும் போய்விடும்.

சித்தப்பாவுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. நீண்ட காலம் சந்தா செலுத்தியிருந்தது அவரைக் காப்பாற்றியது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். இன்று மாலை உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சொக்சோ என்ற வரிக்கு நேராக ஒரு சிறு தொகை இருக்கும். அது எதற்கு என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். நோய் வந்து படுத்துவிட்டால், விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அலையப் போவது அவர்கள்தான்.