அழித்தால் அழிந்துவிடுமா? வீடியோ கேமரா கார்டைக் காலி செய்யும் முன் ஒரு நிமிஷம்!



போன மாதம் விளையாட்டு விழாவன்று காலையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தப்பு செய்தது நான்தான்.

கொடியேற்றம் தொடங்க இன்னும் 5 நிமிஷம். நம் பள்ளி வீடியோ கேமரா என் கையில். சிவப்புப் பட்டனை அழுத்தினால் படம் பிடிக்கவில்லை. கார்டில் இடம் இல்லை என்று திரையில் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெனுவுக்குள் போனேன். எல்லாவற்றையும் டெலீட் செய்யவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டேன். "பழசெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பாங்கப்பா" என்று ஒரு நினைப்பு.

யாருமே ஏற்றவில்லை! நான் அவன் ஏற்றியிருப்பான் என்று இருந்தேன். அவன் நான் ஏற்றியிருப்பேன் என்று இருந்தான்.

அந்தக் கார்டில் இருந்தவை மூன்று. நம் சத்துணவு ஆயாவின் பணி ஓய்வு விழா, அறிவியல் கண்காட்சி, ஆண்டு விழா. அவை என்ன ஆயின என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் இந்த டெலீட் என்பது உண்மையில் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இதைப் புரிந்துகொண்டால் நீங்கள் என்னைப் போல மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். கேமராவுக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் செல்போன் மெமரி கார்டுக்கும் இதே பாடம்தான்.

கார்டுக்குள் ஒரு வகுப்பறை!

மெமரி கார்டை ஒரு வகுப்பறை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரிசையாக பெஞ்சுகள். ஒவ்வொரு வீடியோவும் தன் அளவுக்கு ஏற்றபடி சில பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் ஒரு வருகைப் பதிவேடு. யார் பெயர் என்ன, எந்த பெஞ்சு முதல் எந்த பெஞ்சு வரை என்று அதில் எழுதியிருக்கும்.

நாம் டெலீட் அழுத்தும்போது கேமரா பெஞ்சுக்குப் போய் யாரையும் எழுப்புவதில்லை. பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு, இந்த பெஞ்சுகள் காலி என்று குறித்துக்கொள்கிறது. அவ்வளவுதான்! பையன் இன்னும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். நமக்குத்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. 7 ஜி.பி. வீடியோவை ஏற்ற பல நிமிஷம் ஆகிறது, அழிக்க மட்டும் ஒரு நொடி எப்படிப் போதும் என்று யோசித்திருக்கிறீர்களா? இதுதான் காரணம்.

அப்படியானால் பையன் எப்போது வெளியேறுகிறான்? புது அட்மிஷன் வரும்போது! நாம் அடுத்த வீடியோ எடுக்கும்போது கேமரா காலி என்று குறித்த பெஞ்சில் அதைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. பழையது அப்போதுதான் உண்மையாகவே போகிறது. அதன்பிறகு எந்தக் கடைக்காரரிடம் கொடுத்தாலும் திரும்ப வராது.

கார்டு ஏன் இப்படிச் செய்கிறது?

மெமரி கார்டுக்குள் இருப்பது ஃபிளாஷ் மெமரி. இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. 1984-இல் இதை உலகுக்கு அறிவித்தார். இன்று கார்டுகளில் இருக்கும் நாண்ட் வகையை 1987-இல் அவர் குழு வெளியிட்டது. ஃபிளாஷ் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? இதில் ஒரு பெரிய பகுதியை ஒரே வீச்சில் அழித்துவிடலாம். அது கேமராவின் ஃபிளாஷ் பளிச்சென்று வெட்டுவது போல இருக்கிறது என்று கூட வேலை செய்தவர் சொன்னாராம். ஆக, அழிப்பதை வைத்துத்தான் பெயரே வந்திருக்கிறது!

ஆனால் அதில் ஒரு சங்கடமும் உண்டு. கரும்பலகையில் ஒரு எழுத்தை மட்டும் விரலால் துடைக்கலாம். இதில் அது நடக்காது. ஒரு கட்டம் முழுவதையும் சேர்த்துத்தான் துடைக்க வேண்டும். துடைக்கத் துடைக்க அது தேயவும் செய்யும். ஒவ்வொரு கட்டத்தையும் இத்தனை தடவைதான் துடைக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதனால் தேவை வரும் வரை துடைக்காமல் பதிவேட்டை மட்டும் திருத்தி வைப்பதே வேகம், கார்டுக்கும் நல்லது.

எவ்வளவு சீக்கிரம் நிரம்பும்?

சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து 2006-இல் கொண்டுவந்த ஏ.வி.சி.எச்.டி. என்ற முறையில்தான் நம் பள்ளி கேமரா பதிவு செய்கிறது. நொடிக்கு 17 மெகாபிட் தரத்தில் வைத்தால் கணக்கு இதோ:

17 × 3600 = 61,200 மெகாபிட். 8 பிட் ஒரு பைட். ஆகவே 8-ஆல் வகுத்தால் 7,650 மெகாபைட். அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7.65 ஜி.பி.

16 ஜி.பி. கார்டில் 2 மணி நேரம்தான். ஒரு ஆண்டு விழாவுக்கே போதாது! எனவே கார்டைக் காலி செய்யாமல் இருக்க முடியாது. செய்யும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

காலி செய்யும் சரியான முறை

1. விழா முடிந்த அன்றே கார்டை கம்ப்யூட்டரில் போடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் அடுத்த விழா வந்து நிற்கும்.

2. கார்டில் இருப்பது எல்லாவற்றையும் அப்படியே காப்பி செய்யுங்கள். வீடியோவை மட்டும் பொறுக்காதீர்கள். ஏ.வி.சி.எச்.டி. கார்டில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இருக்கும். வீடியோ எம்.டி.எஸ். என்று முடியும் ஃபைல்களில் இருக்கும். அவற்றின் வரிசையும் விவரமும் பக்கத்து ஃபோல்டர்களில் இருக்கும். நீளமான நிகழ்ச்சி ஒரே ஃபைலாக இருக்காது, 2 அல்லது 3 துண்டாக வெட்டுப்பட்டிருக்கும். 32 ஜி.பி. வரையுள்ள கார்டுகளில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் போக முடியாது என்பதே காரணம். ஒரு துண்டை விட்டுவிட்டால் நாடகத்தில் பாதி காணாமல் போகும்!

3. ஃபோல்டருக்குத் தேதியும் விழாவின் பெயரும் வையுங்கள். புதிய ஃபோல்டர் 1, புதிய ஃபோல்டர் 2 என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஒன்றும் புரியாது.

4. சரிபார்க்க வேண்டும். இதுதான் முக்கியம்! ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு கார்டை வெளியே எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதை ஓடவிடுங்கள். தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் பார்க்க வேண்டும். கார்டை உள்ளேயே வைத்துக்கொண்டு பார்த்தால், ஓடுவது கார்டில் இருப்பதா, காப்பியா என்றே தெரியாமல் ஏமாந்துபோவோம்.

5. இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், டி.வி.டி. எதுவானாலும் சரி. ஒரே கம்ப்யூட்டரை நம்பினால் அது படுத்துவிடும் நாளில் நாமும் படுத்துவிடுவோம்.

6. இப்போது கார்டைக் கேமராவில் போட்டு, கேமரா மெனுவில் உள்ள ஃபார்மேட்டை அழுத்துங்கள். சார்ஜரைச் செருகிவிட்டுச் செய்யுங்கள். நடுவில் பேட்டரி தீர்ந்தாலோ, விளக்கு மினுக்கும்போது கார்டை உருவினாலோ பதிவேடே குழம்பிவிடும்.

கம்ப்யூட்டரிலேயே டெலீட் செய்தால் என்ன?

நல்ல கேள்வி! கம்ப்யூட்டரில் எம்.டி.எஸ். ஃபைலை மட்டும் தூக்கிவிட்டால், பக்கத்து ஃபோல்டரில் உள்ள பட்டியல் அப்படியே நிற்கும். கேமராவில் போட்டதும் அது பட்டியலைப் பார்க்கும், ஆளைக் காணோம், தகராறு செய்யும். இன்னொரு விஷயம். விண்டோஸில் மெமரி கார்டில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, நேராகப் போய்விடும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் அதற்கு நேர்மாறு. குப்பைத் தொட்டியைக் காலி செய்யும் வரை கார்டில் இடம் கிடைக்காது. எனவே அழிப்பதைக் கேமராவிலேயே செய்வதுதான் நல்லது.

ஒன்றிரண்டை மட்டும் அழிக்க வேண்டுமானால் கேமராவில் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அழிக்கலாம். வேண்டியதற்குப் பாதுகாப்பு அடையாளம் வைக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு. வைத்தால் டெலீட் அதைத் தொடாது. ஆனால் ஜாக்கிரதை! ஃபார்மேட் செய்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

எஸ்.டி. கார்டின் ஓரத்தில் நகம் அளவு ஒரு சின்னத் தள்ளுப் பொத்தான் இருக்கிறதே, அது பூட்டு. கீழே தள்ளி வைத்தால் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. நிரம்பிய கார்டைக் கேமராவிலிருந்து எடுத்ததும் இதைத் தள்ளிவிடுங்கள். நான் இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது!

தெரியாமல் அழித்துவிட்டால்?

உடனே நிறுத்துங்கள்! ஒரு நிமிஷம்கூட புதிதாகப் படம் எடுக்காதீர்கள். கார்டை எடுத்துப் பூட்டிப் பெரியவர்களிடம் கொடுங்கள். திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். திட்டு ஒரு நாளில் மறந்துபோகும், வீடியோ போனால் போனதுதான். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது பதிவேட்டைப் பார்க்காமல் ஒவ்வொரு பெஞ்சாகப் போய், இங்கே யார் இருக்கிறீர்கள் என்று தேடும். மீட்டதைக் கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும். அதே கார்டில் சேமித்தால் நாமே மீதியையும் அழித்தவர்கள் ஆவோம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாம் டெலீட் செய்ததை மற்றவர்களாலும் மீட்க முடியும் என்பதை மறக்காதீர்கள். பழைய கார்டையோ போனையோ விற்கும் முன் வெறும் டெலீட் போதாது. எஸ்.டி. சங்கம் இலவசமாகத் தரும் ஃபார்மேட்டர் மென்பொருளில், மேலே எழுதி அழிக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால் எல்லா பெஞ்சுகளையும் நிரப்பிவிடும். உங்கள் வீட்டுப் படங்கள் ஊர் கைக்குப் போகாது.

நம் கார்டு என்ன ஆனது?

மறுநாள் கம்ப்யூட்டர் சார் மதியம் முழுக்க உட்கார்ந்து தேடினார். அறிவியல் கண்காட்சி முழுதாக வந்தது. ஆண்டு விழா துண்டு துண்டாக வந்தது. ஆயாவின் பணி ஓய்வு விழா வரவில்லை. கார்டில் முதல் பெஞ்சில் இருந்தது அதுதான். நான் எடுத்த கொடியேற்றமும் 100 மீட்டர் ஓட்டமும் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டன.

ஆயா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "அதுக்கு ஏன்யா அழுவுற, நான் இங்கதானே இருக்கேன், இன்னொரு வாட்டி பேசிட்டாப் போச்சு" என்று சிரித்தார்கள். மறுபடி பேசவும் பேசினார்கள். படம் பிடித்து அன்றே இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் அன்றைக்கு முதன்முதலாக மைக்கைப் பிடித்து, என்ன பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "எல்லாரும் வயிறு நெறைய சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்களே, நாம் எல்லோரும் எழுந்து நின்று "சாப்பிட்டோம்" என்று கத்தினோமே, அது அந்தக் கார்டில் மட்டும்தான் இருந்தது.

இப்போது கேமராப் பையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். காப்பி செய்தவர் ஒரு கையெழுத்து, ஓடவிட்டுப் பார்த்தவர் ஒரு கையெழுத்து. இரண்டு கையெழுத்தும் இல்லாமல் யாரும் ஃபார்மேட்டைத் தொடக் கூடாது. அடுத்து கேமராவை எடுக்கப் போகும் தம்பி தங்கைகளே, அந்த நோட்டைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்!

சிந்தித்து விடை சொல்லுங்கள்: நொடிக்கு 24 மெகாபிட் தரத்தில் எடுத்தால் 32 ஜி.பி. கார்டில் எத்தனை மணி நேரம் பிடிக்கலாம்? விடை அடுத்த தாளில்.



— பதினோராம் வகுப்பு மாணவன், கணினிப் பிரிவு