வைராக்கியத்துக்கு ஒரு துணை

"நினைத்தால் விட்டுவிடலாம், வைராக்கியம்தான் வேண்டும்." புகைப்பழக்கத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம் ஊரில் எல்லோரும் சொல்வது இதுதான். வீட்டில் இருப்பவர்கள் சொல்வார்கள், சில மருத்துவர்களும் சொல்வார்கள். புகைப்பவரே தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்வார். இந்தப் பேச்சுதான் பலரைச் சிகரெட்டோடு கட்டிப்போட்டு வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். இந்தியாவில் 2016-17இல் நடந்த புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், புகைப்போரில் 38.5 சதவீதத்தினர் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் விட முயன்றதாகச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் விட வேண்டும் என்ற நினைப்பில் இருந்தார்கள். ஆக, ஆசைக்கும் முயற்சிக்கும் குறைவில்லை. ஆனால் முயன்றவர்களில் மிகப் பெரும்பாலோர் மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் தனியாகவே போராடியிருக்கிறார்கள். அப்படித் தனியாக விடுகிறவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் கடந்தும் புகைக்காமல் நிற்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலோர் முதல் எட்டு நாட்களுக்குள்ளேயே மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மன உறுதி இல்லை என்று முடிவு கட்டுவதைவிட, அவர்கள் கையில் இருந்த முறை போதவில்லை என்று பார்ப்பதே அறிவுக்குப் பொருத்தம்.

ஏன் போதவில்லை? உள்ளிழுத்த புகையிலிருந்து நிகோட்டின் பத்து இருபது நொடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது; குறையக் குறைய மூளை அடுத்ததைக் கேட்கிறது. இரவு முழுக்க அது இல்லாமல் கழிவதால்தான், பிடி இறுகியவர்களுக்குக் காலையில் கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் ஒரு சிகரெட் வேண்டியிருக்கிறது. விட்டவுடன் எரிச்சல், தூக்கமின்மை, பசி, எதிலும் மனம் நிலைக்காமை எல்லாம் வருகின்றன. முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் பெருமளவு அடங்குகின்றன. இது உடம்பின் பங்கு. டீக்கடை, சாப்பாட்டுக்குப் பிந்தைய ஐந்து நிமிடம், பஸ்ஸுக்காக நிற்கும் நேரம், நண்பர் நீட்டும் பாக்கெட் ஆகியவை பழக்கத்தின் பங்கு. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. நடுவில் யாரும் எச்சரிக்காத ஒரு சங்கதியும் உண்டு. சிகரெட் புகை, காஃபினைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடுவதால், வழக்கமான நாலு காபி உடம்பில் அதிக நேரம் தங்கிப் படபடப்பையும் தூக்கக்கேட்டையும் கூட்டுகிறது. சிகரெட்டை விட்டதால்தான் இந்தப் பாடு என்று நினைத்து, விட்டவர் மறுபடி பெட்டிக்கடைக்குப் போகிறார். காபியைப் பாதியாகக் குறைத்தாலே அந்தத் தொல்லை தணிந்திருக்கும்.

உடம்பின் பங்கைச் சமாளிக்க வந்த கருவிகளில் ஒன்று நிகோட்டின் சூயிங்கம். ஸ்வீடனைச் சேர்ந்த ஓவே ஃபெர்னோ 1960களின் இறுதியில் அதன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் புகையிலையை அடக்கிச் சமாளித்ததே அதற்குத் தூண்டுதல். சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்றவை, விட முயல்பவரின் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. "அதெல்லாம் மென்று பார்த்தாயிற்று, பலிக்கவில்லை" என்று சொல்கிறவர்கள் நிறைய உண்டு. எப்படி மென்றார்கள் என்று கேட்க வேண்டும். இதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். நாக்கில் சுருக்கென்று ஏறும்வரை மெல்ல மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். வாயின் உள்தோல் வழியாகத்தான் அது ரத்தத்தில் சேரும். காபியோ பழச்சாறோ குடித்த கால் மணி நேரத்துக்குள் மென்றால் அதுவும் சரியாகச் சேராது. அளவிலும் தவறுகிறோம். 2 மி.கி., 4 மி.கி. என இரண்டு வலிமைகள் உண்டு. எழுந்தவுடன் சிகரெட் தேடுகிறவருக்குப் பெரியதுதான் தேவை. முதல் சில வாரங்களில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு மென்றுவிட்டுப் பயனில்லை என்பது, பாதி மாத்திரை விழுங்கிவிட்டுக் காய்ச்சல் போகவில்லை என்பதற்குச் சமம். நாள் முழுக்கச் சீராக நிகோட்டின் தரும் பட்டையையும், திடீர் ஏக்கத்துக்குச் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது.

மாத்திரைகளில் வலுவான சான்று உள்ளது வரெனிக்ளினுக்கு. அது நிகோட்டின் அமர வேண்டிய இடத்தில் தான் போய் அமர்ந்து, ஏக்கத்தைக் குறைக்கிறது. அதன் மேல் சிகரெட் புகைத்தாலும் இன்பம் கிடைக்காமல் செய்கிறது. மனநிலையைக் கெடுக்கும், தற்கொலை எண்ணம் வரும் என்று அதைப் பற்றி ஒரு பெரிய அச்சம் பரவியிருந்தது. 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கையே போட்டது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான ஆய்வு, போலி மாத்திரை எடுத்தவர்களைவிட வரெனிக்ளின் எடுத்தவர்களுக்கு அத்தகைய கேடு குறிப்பிடும்படி கூடவில்லை என்று காட்டியதும் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. அதே ஆய்வில் ஆறு மாதம் வரை புகைக்காமல் நின்றவர்கள் வரெனிக்ளினில் 21.8 சதவீதம், நிகோட்டின் பட்டையில் 15.7, போலி மாத்திரையில் 9.4. குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம். மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். லாபர்னம் என்ற மரத்திலிருந்து எடுக்கும் சைட்டிசின் இன்னொன்று. பல்கேரியாவில் 1964 முதல் விற்கப்படும் பழைய, விலை மலிந்த மருந்து. வார்சாவில் 740 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்தும் புகைக்காதவர்கள் இதில் 8.4 சதவீதம், போலி மாத்திரையில் 2.4 சதவீதம். இந்த எண்கள் சிறியவையாகத் தோன்றலாம். உயிரைக் குடிக்கும் ஒரு பழக்கத்திலிருந்து தப்புகிறவர்கள் மூன்று மடங்குக்கு மேல் ஆவது சிறிய காரியமா?

மருந்து ஒருபுறம் இருக்க, படிப்படியாகக் குறைப்பதா, ஒரே நாளில் நிறுத்துவதா என்ற கேள்வி எப்போதும் வரும். குறைத்துக்கொண்டே வருவதுதான் உடம்புக்கு இதம் என்று தோன்றும். பிரிட்டனில் சுமார் 700 பேரை இரண்டு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் நிகோட்டின் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் குறித்து அன்றோடு நிறுத்தியவர்களில் 22 சதவீதத்தினரும், இரண்டு வாரத்தில் குறைத்து நிறுத்தியவர்களில் 15.5 சதவீதத்தினரும் ஆறு மாதம் தாக்குப்பிடித்தார்கள். "பத்திலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டேன், அது போதும்" என்று அங்கேயே நின்றுவிடுவதும் ஏமாற்றம்தான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் பாதியளவு இருக்கிறது என்று 2018இல் வெளியான தொகுப்பாய்வு சொன்னது. ஹிப்னாடிசத்துக்கும் அக்குபங்சருக்கும் நீடித்த பலன் உண்டு என்று நம்பும்படியான சான்று இதுவரை சேரவில்லை. மின்சிகரெட்டுக்கு வெளிநாடுகளில் ஓரளவு நல்ல சான்று உண்டு. ஆனால் 2019 முதல் இந்தியாவில் அதன் விற்பனைக்குத் தடை இருப்பதால், இங்குள்ளவருக்கு அது வழியல்ல.

பழக்கத்தின் பங்குக்குப் பேச்சுதான் மருந்து. எந்த நேரத்தில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது, அப்போது வேறு என்ன செய்யலாம் என்று கூட இருந்து யோசிக்க ஒருவர் வேண்டும். டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கால் மணி நேர அறிவுரையோடு மூச்சுப் பயிற்சியும் கற்றுக்கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஆறேழு மாதம் கழித்துப் புகையிலையைத் தொடாதவர்கள் 2.6 சதவீதம், சும்மா ஒரு வரி அறிவுரை பெற்றவர்களில் 0.5 சதவீதம். கால் மணி நேரப் பேச்சே இவ்வளவு செய்கிறது என்றால், மருந்தும் தொடர் ஆலோசனையும் சேரும்போது பலன் கூடுவதில் வியப்பில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டையும் சேர்த்துத் தரத்தான் சொல்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. "எங்கள் தாத்தா ஒரே நாளில் தூக்கிப் போட்டார், மருந்தா சாப்பிட்டார்?" உண்மைதான். உலகில் புகையை விட்டவர்களில் பெரும்பாலோர் துணையின்றி விட்டவர்களே. ஆனால் முயன்றவர்களில் பெரும்பாலோரும் துணையின்றி முயன்றவர்கள்தான். விட்ட தாத்தாவின் கதையைக் குடும்பம் ஐம்பது வருடம் சொல்லும். அதே தெருவில் முயன்று தோற்றவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. தனியாக விட முடிந்தவர் தாராளமாக விடட்டும். இரண்டு முறை தோற்றவர் மூன்றாவது முறையும் அதே வழியில்தான் போக வேண்டும் என்று வற்புறுத்துவதில் நியாயம் இல்லை. நிகோட்டினுக்கு நிகோட்டினே மருந்தா என்பது இன்னொரு மறுப்பு. புற்றுநோயையும் நுரையீரல் நோயையும் தருபவை எரியும் புகையிலையின் தாரும் வாயுக்களும், நிகோட்டின் அடிமையாக்குகிறது. பட்டை மெதுவாகவே நிகோட்டினைத் தருவதால் அதற்கு அடிமையாவது மிக அரிது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவு காலம் புகைத்தாயிற்று, இனி என்ன என்பவர்களுக்குப் பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது வருடம் பின்தொடர்ந்த ஆய்வு பதில் வைத்திருக்கிறது. அறுபது வயதில் விட்டவர்களுக்குக்கூடச் சுமார் மூன்று வருட ஆயுள் கூடியது. நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது.

நம் நாட்டில் வழியும் ஓரளவு இருக்கிறது. நிகோட்டின் மருந்து 2022இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. கட்டணமில்லாத 1800-11-2356 என்ற எண்ணில் ஆலோசகர்கள் தமிழிலும் பேசுகிறார்கள். விடும் நாளைக் குறிப்பதிலிருந்து தொடர்ந்து துணை நிற்கிறார்கள். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட் மேலேயே அந்த எண் அச்சாகிறது. ஆனால் நம் பெட்டிக்கடைகளில் சிகரெட் பெரும்பாலும் ஒன்றிரண்டாகத்தான் விற்கப்படுகிறது. பாக்கெட் கடைக்காரரின் கையிலேயே இருந்துவிட, அந்த எண் யாருக்காக அச்சடிக்கப்பட்டதோ அவர் அதைப் பார்ப்பதே இல்லை. இப்படி ஒன்றிரண்டாக விற்பதை நிறுத்தும்வரை, அந்த எண்ணைக் கடை முகப்பில் எழுதி வைக்கவாவது அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.