குளிரில் வியர்க்கும் நெற்றி

நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரைக் கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு யாரும் விவரிக்க வேண்டியதில்லை. சில தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். அந்தக் குளிரில், லயத்துக் காம்பராவில், பால் குடிக்கும் ஒன்றரை மாதப் பிள்ளையின் நெற்றி முத்து முத்தாக வியர்க்கிறதென்றால் போர்வைச் சூடு என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் இருதயம் திணறுகிறது என்பதை வீட்டுக்கு முதலில் சொல்வது பல வேளைகளில் இந்த வியர்வைதான்.

நமக்கு இருதயம் பலவீனப்பட்டால் படியேறும்போது தெரியும். கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் மலையேற்றம். உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், இடையில் மூச்சும் விட வேண்டும். இருதயக் குறையுள்ள பிள்ளை நாலு வாய் குடித்ததும் களைத்துக் கண்ணயரும். சற்று நேரத்தில் பசியில் அழும். "தாய்க்குப் பால் பத்தலை" என்று பக்கத்துக் காம்பராவில் பேச்சு எழும். அந்தப் பழி தாய் மேல் விழுவது பெரிய அநியாயம். பால் இருக்கிறது, குடிக்கத்தான் பிள்ளைக்குப் பலமில்லை.

உயிரோடு பிறக்கும் ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 8 அல்லது 9 பேருக்குப் பிறவியிலேயே இருதயத்தில் குறை இருக்கிறது. அவற்றில் அதிகம் காணப்படுவது கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை. சின்ன ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டைதான் சிக்கல். அதுவும் பிறந்த உடனே தெரியாது. கருவில் வேலையில்லாத நுரையீரலின் இரத்தக்குழாய்கள் இறுகிக் கிடக்கும். பிறந்த பின் அவை மெல்லத் தளர்ந்து, 4 முதல் 6 கிழமைகளில் அங்கே அழுத்தம் நன்றாகக் குறைந்துவிடும். அப்போதுதான் இடது அறையின் இரத்தம், பள்ளத்தைக் கண்ட தண்ணீர்போல, ஓட்டை வழியாகப் பாயத் தொடங்குகிறது. உடம்புக்குப் போக வேண்டிய இரத்தம் நுரையீரலையே மறுபடி மறுபடி சுற்றுகிறது. இருதயம் இரட்டை வேலை செய்கிறது, மூச்சு வேகமாகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வந்த பிள்ளை ஏன் திடீரென்று இப்படியானது என்ற கேள்விக்கு இதுதான் விடை.

இங்கேதான் தோட்டத்துக் கணக்கும் உடம்பின் கணக்கும் மோதுகின்றன. மகப்பேற்று விடுமுறை 84 நாள். அதில் ஒரு பகுதி பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிடும். பிள்ளை மிக அதிகமாகத் திணறும் நாட்களில்தான் தாய் மலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. சாதாரணப் பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி போதும். இந்தப் பிள்ளைக்கு 150 வரை தேவைப்படலாம், ஆனால் குடிக்கும் அளவோ குறைவு. ஆகவே இரண்டு மணிக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பாலைப் பிழிந்து கரண்டியால் ஊட்ட வேண்டும். சிலருக்கு மூக்குக் குழாய் வழியாகவே போக வேண்டும். பிள்ளைக் காம்பராவில் பல பிள்ளைகளைப் பார்க்கும் ஒருவரால் இது முடியுமா? தாயின் வேலைநாள் இதற்கு ஏற்ப வளைந்து கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

மிட்வைஃபின் தராசை அலட்சியம் செய்யக்கூடாது. முதல் மூன்று மாதங்களில் பிள்ளை நாளுக்கு 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். வளர்ச்சிப் பதிவேட்டின் கோடு மேலே போகாமல் படுத்துவிட்டால், எப்போது சத்திரசிகிச்சை என்று முடிவெடுக்க வைத்தியருக்கு அதுவும் ஒரு சான்று.

நீலம் பாய்வது வேறொரு வகைக் குறை. குளிர் மலையில் எந்தப் பிள்ளைக்கும் கைகால் விரல்கள் கொஞ்சம் நீலமாகும், அதில் பயமில்லை. டோர்ச் அடித்து நாக்கைப் பாருங்கள். நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலமென்றால் இரத்தத்தில் ஒட்சிசன் குறைவு. சுமார் 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். சுகமான பிள்ளைக்கு அது பொருட்டேயில்லை, ஏற்கெனவே ஒட்சிசன் குறைந்த பிள்ளைக்கோ கையிருப்பு இன்னும் சுருங்குகிறது. அழுது அழுது கருநீலமானால் முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

மறுபடி ஓட்டைக்கு வருவோம். அதைச் சத்திரசிகிச்சையால் மூட முடியும். 1954 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வால்ட்டன் லில்லிஹை என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு வயதைத் தாண்டிய சிறுவனின் கீழறை ஓட்டையை மூடினார். இருதய-நுரையீரல் இயந்திரம் அங்கே இல்லை. பக்கத்து மேசையில் படுத்திருந்த தகப்பனின் உடம்போடு குழாய்களால் பிள்ளையை இணைத்தார்கள். அந்த நேரம் முழுவதும் தகப்பனின் இருதயமும் நுரையீரலுமே மகனுக்காகவும் வேலை செய்தன. ஓட்டை மூடப்பட்டது. ஆனால் 11 நாள் கழித்து நிமோனியா பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது.

நிமோனியா இன்றும் இந்தப் பிள்ளைகளின் எதிரிதான். சமைக்கிற இடமும் படுக்கிற இடமும் ஒட்டியிருக்கும் லயத்தில் விறகுப் புகை நுரையீரலைப் புண்ணாக்குகிறது. "இருதயப் பிள்ளை, ஊசி வேண்டாம்" என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடும் வீடுகளும் உண்டு. வைத்தியர் சொன்னாலொழிய அப்படிச் செய்யக்கூடாது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ, அதன் பின் ஒரு வயது வரை 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. இருதயக் குறைக்குத் தரும் பியூரோசமைட் போன்ற மருந்தை வைத்தியர் சொன்ன அளவில் சிரிஞ்சால் அளந்தே கொடுக்க வேண்டும். பிள்ளை வாந்தி எடுத்தால் கேட்காமல் மறுபடி கொடுக்கக்கூடாது.

ஹற்றனிலிருந்து கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போவதென்றால் இரவே புறப்பட வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு வேண்டும், கிளினிக் போன நாளுக்குப் பேரும், அதாவது நாள் சம்பளமும், இல்லை. கிளினிக்குகள் விடுபடுவதற்கு அக்கறையின்மையைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம்.

ஓட்டையை மூடிய பின் வரும் மாற்றத்தைத் தாய்மார் பெரும்பாலும் பால் கொடுக்கும்போதே கண்டுகொள்கிறார்கள். விட்டுவிட்டு ஒரு மணி நேரம் குடித்த பிள்ளை இப்போது ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறது. படுத்துக்கிடந்த கோடு சில மாதங்களில் மேலே ஏறத் தொடங்குகிறது.