சிற்றில் புகுதல்

‘வீடு’ என்பது ‘விடு’ என்னும் முதனிலை நீண்டு ஆகிய தொழிற்பெயர். விடுதல் என்பதே அதன் முதற்பொருள். அறம், பொருள், இன்பம், வீடு என எண்ணுங்கால் அது பற்று நீங்கிய நிலையைக் குறிக்கும். உலக வழக்கில் உழைத்துக் களைத்தவன் தொழிலை விட்டு வந்து தங்கும் மனையைக் குறிக்கும். விடுதலும் தங்குதலும் ஒரு சொல்லுள் எங்ஙனம் அடங்கும் என மாணாக்கர் வினவுவதுண்டு. இலங்கையின் கீழ்க்கரையிற் பிறந்த மாணாக்கனுக்கு இதனை விளக்குதல் எளிது. பெற்றோர் தாம் வாழ்ந்த பெரிய வீட்டை மகளிடம் ஒப்புவித்து, அதனின் விட்டு நீங்கிச் சிறிய மனையொன்றிற் புகுதலை அவன் தன் குடும்பத்திலேயே கண்டிருப்பான்.

மேலைநாட்டு முதியோர் பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீடு வாங்கி அதனைத் தம் முதுமைக்கு ஏற்பத் திருத்தி அமைத்துக்கொள்வது இக்காலத்திற் பெருவழக்கு. அதனைப் பற்றி நூல்களும் எழுதுகின்றனர். நம்மவர் அதனை ஒரு புதுமையெனப் பேசக் கேட்கும்போது எனக்கு நகை தோன்றும். மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரையுள்ள ஊர்களில் நம் பாட்டனும் பாட்டியும் செய்து வந்தது இதுவே. அவர்கள் விற்றார், நம்மவர் கொடுத்தார். வேறுபாடு அவ்வளவே.

இவ்வழக்கத்தின் அமைப்பை வெளியூர் அன்பர் பொருட்டுச் சிறிது கூறுவேன். இங்கே குடி என்பது தாய்வழி வருவது. மணம் முடித்த ஆடவன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்வான். அவ்வீடு அவளுக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். மூத்த மகள் மணம் முடித்ததும் பெற்றோர் தம் வீட்டை அவளுக்கு விட்டு, இளைய பெண்களுடன் அவ்வளவிலேயே வேறொரு மனை கட்டிக்கொண்டு பெயர்வர். அடுத்தவள் மணத்தின்போது அதனையும் விடுவர். இங்ஙனம் விட்டு விட்டு, கடைசியில் ஒரு சிறு மனையில் வந்து அமைவர். காரைதீவிலும் கல்முனையிலும் தமிழர் செய்வதையே சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் முஸ்லிம்களும் செய்வர். சமயம் வேறாயினும் மனைவழக்கு ஒன்றே. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட பெருநூலில் இவ்விரு சமூகத்தாரின் தாய்வழி முறையையும் ஒருங்கு வைத்து விளக்கியிருக்கிறார். பழைய முக்குவர் வழமையைப் பிரிட்டோ என்பார் 1876இல் நூலாக்கினார். அதே ஆண்டில் வந்த விவாக உரிமை, மரபுரிமைச் சட்டத்தால் அவ்வழமை நீதிமன்றத்தில் வலியிழந்தது. ஆயினும் சீதன வீடு சட்டத்தின் துணையின்றியே இன்றுவரை நிலைத்து நிற்கிறது.

சிலப்பதிகாரத்தில் மனையறம்படுத்த காதையைக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு இவ்வழக்கம் நினைவுக்கு வரும். அங்கே கோவலனின் தாய், புதுமணத் தம்பதியரை வேறு மனையில் தனியே இருத்துகிறாள். பெரிய மனை முதியோரிடமே இருக்கிறது. வைகாசிதோறும் கண்ணகிக்குத் திருக்குளிர்த்தி செய்யும் எங்கள் காரைதீவிலோ இளையோர் இருக்க முதியோர் வெளியேறுகின்றனர். அம்மனை வணங்குகிறோம், அம்மனின் மாமியார் வகுத்த முறையை மட்டும் தலைகீழாக்கிவிட்டோம்!

இன்னொன்று. இல்லாள் என்றால் இல்லத்தை ஆள்பவள். அதற்கு ஆண்பாலாக இல்லான் என்று சொல்லிப் பார்த்தால், ஒன்றுமில்லாதவன் என்று பொருள்படும். இது பழைய வகுப்பறை நகைச்சுவை. ஆனால் எங்கள் ஊரில் இது இலக்கண நகை அன்று, காணி உறுதியில் எழுதிய உண்மை. முப்பது ஆண்டுகள் யான் வாழ்ந்த வீடு என் மனைவியின் சீதனம்.

இனிச் சிறிய மனைக்கு வருவோம். ‘சிற்றில்’ என்பது அழகிய சொல். புறநானூற்றில் ஒரு மறத்தாயின் இல்லம் சிற்றில் எனப்படுகிறது. பிள்ளைத்தமிழிலோ அது சிறுமியர் மணலில் இழைக்கும் விளையாட்டு வீடு. வாழும் வீட்டிற்கும் மணல் வீட்டிற்கும் ஒரு பெயர் இருத்தலின் பொருள் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எங்கள் கரைக்கு விளங்கிற்று. இலங்கையில் ஆழிப்பேரலையால் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அதன்பின் கிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என்றனர். ஊரோ ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக ஒடுங்கிய நிலம். அயலூர்களிலும் அப்படியே. கொடையாளர் கட்டித் தந்த மனைகளுக்கு 500 சதுர அடியே குறைந்த அளவு. பலவிடங்களில் அவற்றின் உறுதிகள் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆடவருக்கு எழுதப்பட்டன. தாயிடமிருந்து மகளுக்குச் சென்றுகொண்டிருந்த வீடு ஒரு படிவத்தின் ஒரு வரியால் வழி மாறிற்று. அலையின் அழிவைப் பேசியோர் பலர்; இவ்வழிமாற்றத்தைப் பேசியோர் சிலரே.

முன்னாளிற் பின்வளவில் ஒரு கிடுகுக் குடிலாவது போட இடமிருந்தது. கிணறு பொது, முற்றம் பொது, மகள் வீட்டுப் புகையைக் கண்டு சோறு ஆயிற்றென்று அறியலாம். முதியோரின் சிறு மனை துன்பமாகாதிருந்ததற்கு அவ்வளவே காரணம் என்பது என் கருத்து. இப்பொழுது வளவுகள் துண்டுபட்டுவிட்டன. எங்கள் வளவின் முன்பாதி மூத்த மகளுக்கும், பின்பாதியிற் கட்டிய வீடு இளையவளுக்கும் ஆனபின், எஞ்சியது ஒரு தென்னையும் அதன் நிழலும். ஆகவே சென்ற ஆண்டு மூன்று தெருக்கள் தள்ளி, 8 பேர்ச்சு நிலத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கினோம். ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. சம்பளம் வரும் காலத்திலேயே இக்காரியம் முடியவேண்டும் என்று கருதினோம்.

மகள் வீட்டில் ஓர் அறை இருக்கையில் வேறு வீடு எதற்கு என்று கேளாதார் இல்லை. மூத்தவள் அழுதாள், பின்பு சினந்தாள். “நான் துரத்தினன் எண்டுதானே ஊர் சொல்லும், அப்பா?” என்றாள். எனக்கு விடை எழவில்லை. என் மனைவிதான் சொன்னாள்: “அது உண்ட வீடு, மகள். அதுக்குள்ள நான் விருந்தாளியா இரிக்கலாம், வேலைக்காரியா இரிக்கலாம். வீட்டுக்காரியா இரிக்க ஏலா.” தன் தாய் தனக்கு விட்டுக்கொடுத்தபோது கண்டறிந்ததை அவள் சொன்னாள். மகளோ ஏறத்தாழ ஒரு மாதம் புதிய வீட்டுப் பக்கம் வரவில்லை. பால் காய்ச்சிய அன்று இளையவள் மட்டும் வந்தாள். பின்பு ஒரு மாலை மூத்தவள் தானே வந்து, குசினியைச் சுற்றிப் பார்த்து, தட்டு உயரமாக இருக்கிறது, அம்மாவுக்குக் கை எட்டாது என்று குறை கூறினாள். மறுநாளே தட்டைத் தாழ்த்தினோம். இரண்டு திறப்புகளில் ஒன்று இன்று அவளிடம் இருக்கிறது.

வீட்டைத் திருத்திய கதை தனி. மேசன் சாய்ந்தமருதைச் சேர்ந்தவர், என்னிலும் மூத்தவர். “புதுசாக் கட்டுறது லேசு, சேர். பழசைத் திருத்துறதுதான் பாடு” என்று முதல்நாளே எச்சரித்தார். அவர் சுவர் மூலைக்கு மூலை நூல் பிடிக்கையில், நெடுநல்வாடையில் நூலறிந்தோர் நண்பகலில் இரு கோல்களின் நிழல் பார்த்துத் திசை தெரிந்து, கயிறிட்டு அரண்மனை வகுத்த காட்சியை அவருக்குச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “நிழல் பார்த்தா சரிதான் சேர், சீமெந்து விலையையும் பார்த்திருப்பாங்களா?” என்றார்.

மலசலகூடம் பின்வளவில் இருபது அடி தொலைவில் இருந்தது. மழைக்காலத்து இரவில் முதியோர் விழுவது அவ்வழியிலேதான். அதனை வீட்டினுள் கொண்டுவந்ததே எங்கள் பெருஞ் செலவு. கரையோர மணலில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். ஆதலின் குழியைக் கிணற்றிற்கு இயன்றவரை எட்ட, வளவின் மறுகோடியில் அமைத்தோம். வழுவழுப்பான தரையோடு பதிக்க வேண்டுமென்று மேசன் நெடுநேரம் வாதாடினார். யான் சொரசொரப்பான சீமெந்துத் தரையே போதும் என்று நின்றேன்.

விறாந்தை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம். படிக்கட்டிற்குப் பக்கத்தில் ஒரு சரிவு வேண்டும் என்பது என் எண்ணம். இன்று தேவையில்லை, ஒருநாள் தேவைப்படும். சக்கர நாற்காலி ஏறுதற்கு, ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது உலகெங்கும் கொள்ளப்படும் அளவு. எங்களுக்குப் பதினெட்டு அடி வேண்டும். முற்றமோ பதினொரு அடி. இரண்டு நாள் இதையே பேசினோம். இறுதியில் மேசன் சரிவைச் சுவரோரமாகத் திருப்பிக் கிணற்றடி வரை கொண்டு சென்றார். இப்போது தண்ணீர் வாளியும் அவ்வழியே வருகிறது.

கதவுகளின் திறப்பை 32 அங்குலமாக்குவதில் இடரில்லை. நிலைப்படிகளை அகற்றவேண்டும் என்றதும் ஓடாவி உளியைக் கீழே வைத்துவிட்டார். நிலைப்படி இல்லாத வீட்டில் திருமகள் எங்ஙனம் தங்குவாள் என்றார். யான் நூல்களைத் துணைக்கழைத்து வாதிடத் தொடங்குமுன் என் மனைவி தீர்ப்பளித்தாள்: வாசல் நிலைப்படி இருக்கட்டும், அதற்கு மஞ்சள் பூசலாம், உள்ளறைகளில் வேண்டாம். ஓடாவி உடன்பட்டார். திருமகளும் உடன்பட்டிருப்பாள் போலும்.

உறுதி பற்றி ஒரு சொல். காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டுச் சட்டம். எங்கள் முதியோர் பலர் வாய்ச்சொல்லை நம்புவர். அன்றி, எழுதினால் முழுவதையும் எழுதிவிடுவர். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நன்கொடை உறுதியில் சீவிய உரித்தை வைத்துக்கொள்ளாமல் எழுதிக்கொடுத்தார். பின்னர் மருமகன் அவ்வீட்டை ஈடு வைத்தபோது, அவர் தம் கட்டிலை அயலார் விறாந்தையில் போட வேண்டியதாயிற்று. கொடைபெற்றவர் பெருநன்றிகேடு செய்யின் கொடையை மீட்பது குறித்து 2017இல் ஒரு தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆயினும் பெற்ற மகள்மீது வழக்குத் தொடுக்க எத்தனை தாய்மார் நீதிமன்றப் படியேறுவர்? சீவிய உரித்து என்னும் இரு சொற்களை முன்னரே எழுதுவித்தால் அப்படியேற வேண்டியதில்லை. எங்கள் சிற்றிலும் வழக்கப்படி என் மனைவியின் பெயரிலேயே வாங்கப்பட்டது. பேத்திக்கு எழுதும்போது எங்கள் இருவர்க்கும் சீவிய உரித்து வைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.

எஞ்சியவை நூல்கள். பழைய வீட்டில் நான்கு அலுமாரி; புதிய வீட்டில் ஒன்றுக்கே இடம். சென்னை திருவல்லிக்கேணியில் உ.வே. சாமிநாதையர் வாழ்ந்த ‘தியாகராச விலாசம்’ 2012இல் இடிக்கப்பட்டபோது வருந்தாத தமிழாசிரியர் இரார். எனினும் அவர் தேடித் திரட்டிய ஏடுகள் அவர் பெயரால் 1943இல் நிறுவப்பெற்ற நூல்நிலையத்தில் இன்றும் உள்ளன. அதனை எண்ணி, மூன்று அலுமாரி நூல்களை யான் கற்பிக்கும் கல்லூரிக்குக் கொடுத்தேன். தொல்காப்பிய உரைகளும், சங்கநூற் பதிப்புகளும், 1947இல் வெளிவந்த எங்கள் ஊர் விபுலாநந்த அடிகளின் யாழ்நூலும் என்னுடன் வந்தன. நிகண்டுகளை யார் வைத்துக்கொள்வது என்பதில் எனக்கும் கல்லூரி நூலகருக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது.