தோல்வியைத் தேடும் கோஷ்டிகள்

கொல்கத்தாவில் குடியேறிய நம்மவர்கள் வங்கமொழியில் முதலில் கற்பவை கடைத்தெருச் சொற்கள்; அடுத்து வருபவை கால்பந்துச் சொற்கள். மைதானத்துப் பேச்சில் 'கொடாபேட்டா' என்றொரு சொல் உண்டு. உருவாக்கு, தட்டு என்னும் பொருள்தரும் இரு சொற்களின் கூட்டு அது. கொல்லன் உலைக்களத்தில் இரும்பை வேண்டிய வடிவுக்குத் தட்டி எடுப்பதுபோல், ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே செய்து வைப்பதை அது குறிக்கும். இதற்கு நிகரான ஒற்றைச் சொல் தமிழில் எனக்கு இதுவரை அகப்படவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது சற்று வெட்கந்தான்.

பணத்துக்காகத் தோற்பது குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கைக்கூலி எதுவுமின்றி, போட்டியின் விதிகளே தோல்வியை ஆதாயமாக்கி வைத்திருந்தால் என்ன செய்வது? இன்று நாம் ஆராயப் புகுவது அதனையே.

அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தில் 2006-ஆம் ஆண்டு நிகழ்ந்ததைப் பாருங்கள். மேற்குப் பகுதியில் எட்டுக் கோஷ்டிகள் இறுதிச் சுற்றுகளுக்குத் தேறும். அப்பகுதியின் மூன்று பிரிவுகளில் முதலாவதாக வந்தவற்றுக்கே முதல் மூன்று இடங்கள் என்பது அன்றைய விதி. ஆகவே 44 வெற்றிகளே பெற்றிருந்த டென்வர் மூன்றாமிடத்தில் அமர்ந்தது. 60 வெற்றிகள் பெற்ற டல்லாஸ் நான்காமிடத்துக்குத் தள்ளப்பட்டது. ஐந்தாமிடத்தார் டல்லாஸையும், ஆறாமிடத்தார் டென்வரையும் சந்திக்க வேண்டும். அதாவது, ஓரிடம் கீழே இறங்கினால் எளிய எதிரி! அதுமட்டுமன்று, சொந்த ஊரில் மிகுதியான ஆட்டங்களை ஆடும் உரிமை வெற்றி எண்ணிக்கையைப் பொறுத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் டென்வரைவிட அதிக வெற்றிகள் பெற்றிருந்ததால், ஆறாமிடத்தில் இருந்தாலும் அவ்வுரிமை அதற்கே.

பருவத்தின் கடைசி நாட்களில் கிளிப்பர்ஸும் மெம்பிஸும் மோதின. தோற்பவருக்கே நல்ல இடம் என்ற நிலை. கிளிப்பர்ஸ் தோற்றது. வேண்டுமென்றே தோற்றதாக எவரும் மெய்ப்பிக்கவில்லை. பின்னர் அது டென்வரை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. வெற்றி கண்ட மெம்பிஸோ டல்லாஸிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. அடுத்த பருவத்துக்குள் சங்கம் வரிசை விதியைத் திருத்திவிட்டது. திருத்தம் என்பது பெரும்பாலும் காலங்கடந்தே வருகிறது. அரசாங்கச் சுற்றறிக்கைகளோடு வாழ்பவர்களுக்கு இது புதிதன்று.

2012-இல் லண்டன் ஒலிம்பிக் இறகுப்பந்துப் பந்தயத்தில் நடந்தது இன்னும் அப்பட்டமானது. சீனத்தின் யூ யாங், வாங் ஷியாவ்லி இணை தம் பிரிவில் முதலிடம் பெற்றால், தம் நாட்டின் மற்றோர் இணையை இறுதிக்கு முன்பே சந்திக்க நேரிடும். எதிர்நின்ற கொரிய இணைக்கும் வெல்வதில் நாட்டமில்லை. இரு தரப்பாரும் பந்தை வலையிலேயே அடித்தனர், கூட்டம் கூச்சலிட்டது. அடுத்து ஆடிய மற்றொரு கொரிய இணையும் இந்தோனேசிய இணையும் அவ்வாறே செய்தன. எண்மரும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான இந்தோனேசியாவின் கிரேசியா போலி, 2021-இல் டோக்கியோவில் மற்றொரு துணையுடன் தங்கப்பதக்கம் வென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே பந்தயத்தில் நம் ஜுவாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா இணையின் கதை வேறு. அவர்கள் இரு ஆட்டங்களில் வென்றிருந்தனர். ஜப்பானிய இணை சீனத் தைபே இணையிடம் தோற்கவே மூன்று இணைகள் சமநிலை எய்தின; ஒரே ஒரு புள்ளியால் நம்மவர்கள் கால் இறுதியை இழந்தனர். அந்த ஆட்டத்தை விசாரிக்குமாறு இந்தியா முறையிட்டது, முறையீடு தள்ளப்பட்டது. ஜப்பானியர் மீது குற்றம் ஏதும் நிறுவப்படவில்லை. எனினும், பிறர் ஆட்டத்தின் முடிவு ஒருவரை எங்கே கொண்டு நிறுத்துகிறது பாருங்கள்! யார் யாரை நோக்கிப் போவார் என்பது முன்னமே தெரிந்திருந்ததே எல்லாவற்றுக்கும் வேர். 2016-இல் பிரிவு ஆட்டங்கள் முடிந்தபின், இரண்டாமிடத்தாருக்கு மீண்டும் சீட்டுக் குலுக்கினார்கள்.

மற்றொரு வழியும் உண்டு. உயர்ந்த இடத்தை உண்மையிலேயே இனிப்பாக்கிவிடுவது. இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் 2011 முதல் அவ்வாறே செய்கிறார்கள். முதலிரு இடத்தாரும் தம்முள் மோதுவர். வென்றவர் நேரே இறுதிக்குச் செல்வார், தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்புக் கிட்டும். மூன்றாம், நான்காம் இடத்தாருக்கோ ஒரு தோல்வியே முடிவு. ஆகையால் தெரிந்தே மூன்றாமிடத்துக்கு இறங்க யாரும் துணியார். 2024-இல் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் பட்டியலில் முதலாவதாக வந்து, இரண்டாமிடத்து ஹைதராபாதை வென்று நேரே இறுதிக்குச் சென்றது. அந்த இறுதி ஆட்டம் நடந்தது நம் சேப்பாக்கத்தில். 2012-இல் இதே கொல்கத்தா சென்னை சூப்பர் கிங்ஸை வீழ்த்தி முதன்முதலாகக் கோப்பையை வென்றதும் அங்கேதான். அன்றிரவு எந்தப் பக்கம் கைதட்டுவது என்று இந்நகரத்துத் தமிழர் இல்லங்கள் பலவற்றில் எழுந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.