சளி என்னும் வலை!

"டாக்டர், நெஞ்சுச் சளியை அடியோட எடுத்துடுங்க" என்று கேட்காத நோயாளி அபூர்வம். அடியோடு எடுத்துவிட்டால் மூச்சோடு போகும் தூசியும் கிருமியும் நேராகக் காற்றுக்குழாய்ச் சுவரைத் தொட்டுவிடும். அவற்றை வழியிலேயே மடக்குவதுதான் சளியின் வேலை. சித்த மருத்துவத்திலும் கபம் என்றாலே நோய் அல்ல. அளவு மிஞ்சினால்தான் வம்பு.

எப்படி மடக்குகிறது? தண்ணீரில் மிதக்கும் நுண்துகள் சும்மா இருக்காது. நீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடிக்க, குடிகாரன் நடைபோலத் தள்ளாடும். 1827-ல் ராபர்ட் பிரௌன் மைக்ராஸ்கோப்பில் இதைக் கவனித்தார். 1905-ல் ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டார்: இரண்டு மடங்கு தூரம் விலக நாலு மடங்கு நேரம் ஆகும்.

சளிக்குள் இந்தக் கணக்கு செல்லாது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். ஆனால், மியூசின் என்ற புரத இழைகள் அதில் வலை பின்னியிருக்கின்றன. துகள் ஒரு கண்ணிக்குள் ஆடும், முட்டும், இழையில் ஒட்டும், இழை விலகும்வரை காத்திருக்கும். இரண்டு மடங்கு தூரத்துக்குப் பதினாறு மடங்கு நேரம்கூட ஆகலாம். சேமியா பாயசம் ஆறி இறுகினால் முந்திரி நகருமா? அதே கதைதான்!

இந்தத் தாமதமே போதும். அதற்குள் காற்றுக்குழாயின் நுண்மயிர்கள் சளியைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். நாமும் தெரியாமலே விழுங்கிவிடுவோம்.

சளி வற்றி இறுகினால்தான் ஆபத்து. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் உப்பும் நீரும் சரியாகச் சுரக்காமல் சளி பசையாகிவிடுகிறது. நுண்மயிரால் தள்ள முடியாது. கிருமி அங்கேயே குடித்தனம் நடத்தும். அதனால்தான் அவர்களுக்கு உப்புநீர்ப் புகையை இழுக்கக் கொடுக்கிறார்கள். உப்பு நீரை இழுக்கும், சளி இளகும்.

மருந்துத் துகளையும் இந்த வலை விடாது. 2007-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர், பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற ஒட்டாத பூச்சு பூசிய துகள்கள் மனிதச் சளியைச் சுலபமாகக் கடப்பதைக் காட்டினர். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிறோமே, அதே பொருள்தான்!

சிகரெட் புகை நுண்மயிரை முடக்கி, சளியையும் பெருக்கும். அதை விடாமல் கஷாயம் கேட்டால் நான் என்ன செய்ய? குழந்தைகளுக்குக் கொதிநீர் ஆவி வேண்டவே வேண்டாம், வெந்துவிடும். மூச்சு வேகமாகி, விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.